டக்ஸ்ஃபோர்டு விமானத்தளம்: புதுக் கட்டடங்கள் எழும்புவதற்கு முன் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஈஸ்ட்ஹாம்வாசி:

போன மாதம் பேரனை அழைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் பழைய விமானப்படைத் தளமான டக்ஸ்ஃபோர்டு போய்வந்தேன். காலையில் உள்ளே நுழைந்து மாலை வரை சுற்றினோம். ஒரு தடவைகூடக் குளிரவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

சிரிக்காதீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே மேடு பள்ளம் அதிகமில்லாத வெளி. காற்றைத் தடுக்க ஒரு மரவரிசைகூடக் கிடையாது. ஏப்ரல் மாதத்திலும் காது வலிக்கும். அந்தக் காற்றில்தான் விமானங்கள் வெட்டவெளியில் வரிசையாக நின்றன. பிரிட்டானியா, காமெட், டிரைடென்ட், வி.சி.10 என்று ஒரு காலத்தில் உலகம் சுற்றிய பயணிகள் விமானங்கள் ஒரு பக்கம். ஓடுபாதைக்கு அந்தப் புறம் வயல். ஏ505 சாலைக்கு மறுபக்கம் விமானப்படை அதிகாரிகள் தங்கி உணவருந்திய பழைய கட்டடங்கள். நடுவில் 1917, 1918-இல் எழுப்பிய செங்கல் ஹேங்கர்கள், அதாவது விமானம் நிறுத்தும் கொட்டகைகள். அவ்வளவுதான் டக்ஸ்ஃபோர்டு.

நான் திருகோணமலையில் பிறந்தவன். சீனக்குடா விமானத்தளத்தின் மேல் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்ட கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. அதனால் போர்க்கால விமானத்தளம் என்றால் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. லண்டனுக்கு வந்து வேலை நிலைத்து, பழைய கார் ஒன்று வாங்கியதும் நான் ஓட்டிச்சென்ற முதல் தூரப்பயணம் டக்ஸ்ஃபோர்டுதான். மனைவி கேம்பிரிட்ஜ் கல்லூரிகளைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தாள்.

அங்கே நின்ற வி.சி.10-ஐக் கண்டதும் நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். கட்டுநாயக்காவிலிருந்து என் அண்ணனை லண்டனுக்குக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் அந்த ரக விமானம்தான். வழியனுப்ப வந்த எங்கள் குடும்பம் முழுவதும் மொட்டைமாடியில் நின்று அதன் உயர்ந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே அதே வாலுக்குக் கீழே நிற்கிறேன், கையை நீட்டினால் சக்கரத்தைத் தொடலாம். தார்ப்பாய் உடுப்புப் போட்ட ஒரு வயதான தொண்டர் படிக்கட்டில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "உள்ளே போக வேண்டுமா?" என்று கேட்டார். போனோம். இருக்கைத் துணியில் ஈரவாடை. விமானி அறையில் என்னை உட்கார வைத்து, எந்தக் கைப்பிடி எதற்கு என்று அரை மணி நேரம் விளக்கினார். பின்னால் வரிசை எதுவும் இல்லை.

பிறகு அந்த பி-52, அமெரிக்காவின் பெரிய குண்டுவீச்சு விமானம். 1983 அக்டோபர் 8 அன்று அது அமெரிக்காவிலிருந்து பறந்துவந்து இங்கே இறங்கியது. அந்தப் பூதத்துக்கு அந்த ஓடுபாதை போதுமா என்று ஊரே கூடி நின்று பார்த்ததாகச் சொன்னார்கள். நான் பார்த்தபோது அது வந்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். எட்டு எஞ்சின், இறக்கைகளின் முனை தொய்ந்து, அவற்றைத் தாங்க முனைக்கொரு சின்னச் சக்கரம். அடிவயிறு கருப்பு. வியட்நாமில் குண்டு கொட்டிய ரகம். அதைச் சுற்றி எதுவுமே இல்லை. கொஞ்சத் தூரம் பின்னால் போய்ப் பார்த்தால் முழு உருவமும் வானத்தின் மேல் வரைந்ததுபோல் தெரிந்தது. பயமாக இருந்தது. பயப்பட வேண்டிய பொருள்தானே அது?

இப்போது அது அமெரிக்க விமான அருங்காட்சியகத்தின் கான்கிரீட் கூரைக்குக் கீழே நிற்கிறது. அதன் வயிற்றுக்குக் கீழும் இறக்கைகளுக்குக் கீழும் சின்ன விமானங்கள். பேரன், "தாத்தா, இதுதான் பெரியதா?" என்று கேட்டான். 56 மீட்டர் இறக்கை விரிப்பு என்று பலகையைக் காட்டி நான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

என் வாதம் இதுதான். அன்று ஒரு விமானத்தளத்தைப் பார்த்தோம், அதில் விமானங்கள் நின்றன. இன்று விமானங்களைப் பார்க்கிறோம். தளம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. பழைய டக்ஸ்ஃபோர்டைப் பார்த்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். மறுப்பவர்களும் எழுதுங்கள், சண்டைக்கு நான் தயார்.


கேம்பிரிட்ஜ் பழைய மாணவன்:

ஐயா, நான் போனது தொண்ணூறுகளின் கடைசியில். அமெரிக்கக் கட்டடம் புதிதாகத் திறந்திருந்த காலம். 1997 ஆகஸ்ட் 1 அன்று எலிசபெத் அரசி திறந்துவைத்தார். மறு ஆண்டே பிரிட்டனின் கட்டடக்கலைப் பரிசான ஸ்டர்லிங் பரிசு அதற்குக் கிடைத்தது. கல்லூரியில் கட்டடக்கலை படித்த நண்பன் ஒருவன் விமானத்தைப் பார்க்க அல்ல, நார்மன் ஃபாஸ்டர் கட்டியதைப் பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போனான்.

அப்போது எங்களிடம் காசு கிடையாது. விட்டில்ஸ்ஃபோர்டு ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். லாரிகள் தோளை உரசுவதுபோல் போகும் சாலை. நடக்கும்போதே தலைக்கு மேல் ஒரு ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானம், போனது. அதன் மெர்லின் எஞ்சின் ஒலியை எழுதிக் காட்ட முடியாது. ஒரு கரகரப்பு, அதற்குள் ஒரு விசில். நண்பன்கூட அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தபடி நின்றான். உள்ளே நுழைவதற்கு முன்பே எங்கள் டிக்கெட்டுக்கான பயன் கிடைத்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், டக்ஸ்ஃபோர்டை இன்னும் விமானத்தளமாக வைத்திருப்பது அந்த ஒலிதான். ஓடுபாதை உயிரோடு இருக்கிறது. முன்பு பறந்த ரகங்களே இன்றும் அதே புல்லிலிருந்து எழும்புகின்றன. கட்டடம் எத்தனை வந்தாலும் அது போகவில்லை.

முதல் ஸ்பிட்ஃபயர் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டதே இந்தத் தளத்தில்தான், 1938 ஆகஸ்ட் 4 அன்று, 19-ஆம் படைப்பிரிவிடம். நான் சாலையில் பார்த்த அந்த விமானம் தன் பிறந்த வீட்டுக்கு மேல் வட்டமிட்டது என்று சொன்னால் தப்பில்லை.

அமெரிக்கக் கட்டடத்துக்கு வெளியே, உள்ளே போகும் வழியில், கண்ணாடிப் பலகைகள் வரிசையாக நிற்கின்றனவே, அதைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டீர்கள். மொத்தம் 52 பலகைகள். பிரிட்டனிலிருந்து போருக்குப் போய்த் திரும்பாத அமெரிக்க விமானங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன உருவம் செதுக்கியிருக்கிறார்கள்: 7,031. நான் எண்ணத் தொடங்கி முதல் பலகையிலேயே நிறுத்திவிட்டேன். உள்ளே இருக்கும் எந்த விமானமும் எனக்குள் அந்தப் பலகைகள் செய்ததைச் செய்யவில்லை. அது புதிதாக வந்த கட்டடத்தோடு வந்ததுதானே?


கோவைப் பொறியாளர்:

சண்டைக்கு அழைத்திருக்கிறீர்கள், வந்துவிட்டேன். கட்டமைப்புப் பொறியியல் என் தொழில். இங்கிலாந்தில் பல ஆண்டு வேலை பார்த்தேன்.

ஈஸ்ட்ஹாம் ஐயா, நீங்கள் ரசித்த அந்த பி-52 வெட்டவெளியில் பத்துக்கும் மேற்பட்ட குளிர்காலம் நின்றது. அலுமினியத்துக்கும் எஃகுக்கும் இடையில் தண்ணீர் தங்கினால் என்ன ஆகும் என்று எந்த டிப்ளமா மாணவனும் சொல்வான். ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். உள்ளே தேங்கிய நீர் உறைந்து விரிசலைப் பெரிதாக்கும். பறவைகள் எஞ்சின் வாய்க்குள் கூடு கட்டும். உங்களை விமானி அறையில் உட்கார வைத்த அந்தத் தொண்டரைப் போன்றவர்கள் ஆண்டு முழுதும் சுரண்டிச் சுரண்டி வண்ணம் பூசியதால்தான் அந்த வரிசை நின்றது. ஈரவாடை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வாடைதான் நோய்.

இனி கட்டடம். அமெரிக்க அருங்காட்சியகத்தின் வடிவத்தையே அந்த பி-52 தான் தீர்மானித்தது. அதன் இறக்கையும் வால் உயரமும் அடங்க வேண்டும் என்பதிலிருந்து கணக்குத் தொடங்கியது. 90 மீட்டர் அகலம், பதினெட்டரை மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண் கிடையாது. இரட்டைத் தோல் கொண்ட கான்கிரீட் ஓடு. மெதுவடை போன்ற வளையத்திலிருந்து ஒரு கீற்றை வெட்டி எடுத்தால் எப்படி வளைந்திருக்குமோ அந்த வளைவு. அப்படி எடுத்ததால் முன்வார்ப்புப் பலகைகளை ஒரு சில அச்சுகளில் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது. கூரை சுமக்கும் வலுவும் உண்டு. சில விமானங்களை அதிலிருந்தே தொங்கவிட்டிருக்கிறார்கள். பின்பக்கம் மண்ணுக்குள் புதைந்து, ஓடுபாதையைப் பார்த்து மட்டும் கண்ணாடிச் சுவர். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு புல்மேடு மாதிரி இருக்கும். தளத்தை மறைக்கக் கூடாது என்று நினைத்துக் கட்டியவன் வேறு எப்படிக் கட்டுவான்?

அந்தக் கண்ணாடிச் சுவரைக் கழற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே இருப்பதை மாற்ற வேண்டுமென்றால் சுவரையே எடுத்துவிட்டு விமானத்தை இழுத்துக்கொண்டு வரலாம். 2016-இல் புதுப்பித்துத் திறப்பதற்கு முன் அப்படித்தான் செய்தார்கள்.

ஆனால் ஒன்றில் உங்கள் பக்கம் நிற்கிறேன். என்னைக் கேட்டால் டக்ஸ்ஃபோர்டின் மிகச் சிறந்த கட்டமைப்பு ஃபாஸ்டருடையது அல்ல. முதல் உலகப் போரில் கட்டிய அந்தச் செங்கல் ஹேங்கர்களின் கூரைதான். பெல்ஃபாஸ்ட் டிரஸ் என்பார்கள். போரில் பெரிய மரத்துண்டும் எஃகும் கிடைக்காது. கிடைப்பது சின்னச் சின்னப் பலகை. அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் ஆணியடித்து, மேலே வில், கீழே நாண் என்று ஒரு வளைவை உருவாக்கினார்கள். ஒரு தச்சன் தோளில் தூக்கிப்போகக்கூடிய பலகைகளைக் கொண்டு விமானங்கள் நிற்கும் கூடத்தை மூடிவிட்டார்கள். சில ஆண்டுகள் தாங்கினால் போதும் என்று அவசரத்தில் கட்டியது நூறு ஆண்டு கடந்து நிற்கிறது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் விமானத்தையே பார்க்கிறார்கள். கொஞ்சம் தலையைத் தூக்குங்கள்.


ஹேரோ இல்லத்தரசி:

மேலே எழுதிய மூவரும் விமானத்தையும் கூரையையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் விமானப் பைத்தியம் பிடித்த ஒருவரின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை என்றால் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு காரில் ஏற வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பாதி நாள் நானும் பிள்ளைகளும் காற்றுக்குப் பயந்து காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்போம். ஐயா குளிரவில்லை என்று வருத்தப்படுகிறார். எங்களைக் கேட்டிருந்தால் கூரை போடுங்கள் என்று முதல் ஆண்டே மனுக் கொடுத்திருப்போம்.

எனக்குப் பிடித்த ஒரே இடம் பழைய இயக்க அறை. போர்க்காலத்தில் இருந்ததுபோலவே மறுபடியும் அமைத்து வைத்திருக்கிறார்கள். நடுவில் பெரிய மேசை, அதன் மேல் வரைபடம். மகளிர் துணைப்படைப் பெண்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, நீண்ட கோலால் அடையாள வில்லைகளைத் தள்ளித் தள்ளி எதிரி விமானம் எங்கே, நம் விமானம் எங்கே என்று காட்டியிருக்கிறார்கள். மேலே மாடத்திலிருந்து அதிகாரிகள் குனிந்து பார்த்து உத்தரவு போடுவார்கள். சுவரில் ஐந்து ஐந்து நிமிடத்துக்கு நிறம் மாறும் கடிகாரம். எந்த வில்லை எந்த நேரத்துத் தகவல் என்பதை அந்த நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்களாம்.

1940-இல் அந்த மேசையைச் சுற்றி நின்ற பெண்களுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. காலையில் தேநீர் குடித்துவிட்டுப் போன பையனின் விமானம் எந்த வில்லைக்குள் இருக்கிறது என்று தெரிந்தே அதைத் தள்ளியிருப்பார்கள். ஒரு வில்லையை மேசையிலிருந்து எடுக்கும்போது கை நடுங்கியிருக்காதா? என் கணவர் அந்த அறைக்குள் இரண்டு நிமிடம்தான் நிற்பார். அவருக்கு அதில் எஞ்சின் இல்லை.


சென்னை வாசகர்:

நான் டக்ஸ்ஃபோர்டுக்குப் போனது மகன் இங்கிலாந்தில் படித்தபோது. பழைய நிலையைப் பார்த்தவன் அல்லன். இருந்தாலும் ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் அங்கே எந்தப் பலகையிலும் அது என் கண்ணில் படவில்லை.

1940 மே மாதம் 10-ஆம் நாள் 264-ஆம் படைப்பிரிவு டக்ஸ்ஃபோர்டுக்கு வந்தது. பிற்பாடு அந்தப் படைப்பிரிவு 'மதராஸ் மாகாணம்' என்ற பெயரைத் தாங்கியது. நம் மாகாணத்தில் போருக்கெனத் திரட்டிக் கொடுத்த நிதிக்கு நன்றியாக வைத்த பெயர். 234-ஆம் படைப்பிரிவுக்கும் அதே பெயர் உண்டு. நிதியை யார் மனமுவந்து கொடுத்தார்கள், யாரிடம் வட்டாட்சியர் மூலம் வசூலித்தார்கள் என்பது வேறு கதை. அந்தக் காலத்தில் இரண்டும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

264-இல் இருந்தவை டிஃபயன்ட் விமானங்கள். விசித்திரமான வடிவமைப்பு. விமானிக்குச் சுட எதுவும் கிடையாது. அவருக்குப் பின்னால் சுழலும் கூண்டில் ஒரு துப்பாக்கி வீரர், நான்கு இயந்திரத் துப்பாக்கிகளோடு. டன்கர்க் கடற்கரையிலிருந்து படைகளை மீட்ட நாள்களில் அவர்கள் டக்ஸ்ஃபோர்டிலிருந்து புறப்பட்டு, தென்கிழக்குக் கரையிலுள்ள மான்ஸ்டன் தளத்தில் இறங்கி, அங்கிருந்து கடலைத் தாண்டினார்கள். ஜெர்மானியர்கள் தூரத்திலிருந்து அதை முன்னோக்கி மட்டும் சுடும் ஹரிகேன் சண்டை விமானம் என்று நினைத்துப் பின்பக்கமாகத் தாக்க வந்தார்கள். பின்பக்கம்தான் நான்கு துப்பாக்கி! மே 29 அன்று ஒரே நாளில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அந்தப் படைப்பிரிவு அறிவித்தது. வான்சண்டைக் கணக்குகள் எப்போதும் மிகைதான், பாதியாகக் குறைத்தாலும் சாதனை. ஆனால் ஜெர்மானியர்கள் விரைவிலேயே விவரம் தெரிந்துகொண்டு கீழிருந்தும் எதிரிலிருந்தும் தாக்கினார்கள். ஆகஸ்ட் இறுதிக்குள் படைப்பிரிவின் தலைவர் பிலிப் ஹன்டர் உட்படப் பலர் மறைந்துபோனார்கள். பகல் சண்டையிலிருந்து டிஃபயன்டை விலக்கிவிட்டார்கள்.

ஓர் உதவியாளரிடம் டிஃபயன்ட் எங்கே நின்றிருக்கும் என்று கேட்டேன். புல்வெளியைக் கைகாட்டினார். அப்போது இங்கே கான்கிரீட் ஓடுபாதை கிடையாது, எல்லாம் புல்தான், நின்ற இடம் என்று எதைக் காட்டுவது என்றார். சரியான பதில் என்று பட்டது. மதராஸ் என்ற பெயரை நான் சொன்னதும் அவர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.


ஈஸ்ட்ஹாம்வாசி:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சென்னை ஐயா, 264 பற்றிய செய்திக்கு மிக்க நன்றி. இத்தனை காலம் போய்வந்தும் மதராஸ் தொடர்பு எனக்குத் தெரியாது.

கோவைத் தம்பிக்கு: துருவைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் பழைய டக்ஸ்ஃபோர்டும் கைபடாமல் இருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தத் தளம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1943-இல் அமெரிக்கர்கள் கைக்கு வந்தது. அவர்களுடைய 78-ஆவது போர் விமானக் குழு மூக்கில் கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தண்டர்போல்ட் விமானங்களோடு இங்கே இருந்தது, பிறகு மஸ்டாங். புல் சேறாகிக் கிடந்ததால் அமெரிக்கர்கள் இந்த ஊருக்கு வாத்துக்குட்டை என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் துளையிட்ட எஃகுத் தகடுகளைப் பரப்பி ஓடுபாதை போட்டார்கள். கான்கிரீட் வந்தது 1951-இல், ஜெட் விமானங்களுக்காக. 1961-இல் விமானப்படை கிளம்பிப் போனது. அதற்குப் பிறகு பல ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. சிறைச்சாலை கட்டலாம், விளையாட்டு மையம் கட்டலாம் என்றெல்லாம் யோசனை ஓடியது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை 1968-இல் நடந்தது. 1940-இன் பிரிட்டன் வான்போரைப் பற்றிப் படம் எடுக்க வந்தவர்கள், குண்டுவீச்சுக் காட்சி தத்ரூபமாக இருக்க வேண்டும் என்பதற்காக முதல் உலகப் போர்க் காலத்து ஹேங்கர் ஒன்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உண்மையான போர் முழுதும் தாங்கிய கட்டடம் பொய்யான போரில் விழுந்தது. தம்பி புகழ்ந்த அந்தப் பெல்ஃபாஸ்ட் கூரைகளில் ஒன்று அப்படிப் போனது. அப்போது அதற்கு ஒரு கட்டிடத்தின் மதிப்புகூட யாரும் தரவில்லை. மிச்சமிருந்தவற்றைக் காப்பாற்றியவர்கள் எழுபதுகளில் அங்கே வந்து விமானங்களைச் சீர்செய்யத் தொடங்கிய உள்ளூர் ஆர்வலர்களும், பெரிய பொருள்களை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த இம்பீரியல் வார் மியூசியமும்தான். அருங்காட்சியகம் வந்ததால் தளம் மாறியது என்று நான் புலம்புகிறேன். அது வந்திராவிட்டால் அங்கே சிறைச்சாலைச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து வந்தது எம்11 நெடுஞ்சாலை. ஓடுபாதையின் கிழக்கு முனையைக் கத்தரித்துக்கொண்டு போனது. அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றுதான் 101 என்ற எண் கொண்ட சோதனைக் கான்கார்டை (ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானம்) 1977 ஆகஸ்ட் 20 அன்று அவசரமாக இறக்கினார்கள். அதன் பிறகு ஓடுபாதை குறுகிவிட்டது. அந்த கான்கார்டு இனி பறக்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டாலும் வழி கிடையாது. நான் பார்த்தபோது அதுவும் வெளியேதான் நின்றது. இன்று ஏர்ஸ்பேஸ் என்ற மாபெரும் கூடத்தில், லங்காஸ்டரும் வல்கனும் டி.எஸ்.ஆர்.2-வும் காமெட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, அவற்றோடு அதுவும் நிற்கிறது. எண்பதுகளில் கட்டிய பெரிய ஹேங்கரை இன்னும் பெரிதாக்கி 2007-இல் திறந்த கூடம் அது.

என் குறை இந்த ஏர்ஸ்பேஸ் மீதுதான். ஃபாஸ்டரின் கட்டடத்தின் மீது அவ்வளவாக இல்லை. கண்ணாடி வழியாக ஓடுபாதையாவது தெரிகிறது. ஏர்ஸ்பேஸில் நின்றால் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரிவதில்லை. மான்செஸ்டரிலோ மியூனிக்கிலோ இருந்தாலும் இதே வெளிச்சம், இதே வழவழத்த தரை. காமெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1958 அக்டோபர் 4 அன்று அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஜெட் பயணச் சேவையில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த அதே விமானம். அதை வெளியில் பார்த்தபோது மூக்கு மேற்கே நோக்கி இருந்ததாக நினைவு. இப்போது எந்தத் திசை என்று கேட்டால் சொல்ல முடியாது. விமானத்துக்குத் திசை முக்கியமில்லையா? சக்கரத்துக்கு முன்னால் தூரம் வேண்டாமா?

வரலாறும் தூரத்தைப் பற்றியதுதான். 242-ஆம் படைப்பிரிவின் தலைவர் டக்ளஸ் பேடரின் 'பெரிய சிறகு', அதாவது பல படைப்பிரிவுகள் சேர்ந்த பெரிய அணி, இங்கிருந்துதான் எழும்பியது. செக்கோஸ்லோவாக்கியர்களின் 310-ஆம் படைப்பிரிவு, 19-ஆம் படைப்பிரிவு, கோல்டிஷாலிலிருந்து வந்துசேரும் 242, போலந்துக்காரர்களின் 302, அப்புறம் 611. ஐந்து படைப்பிரிவுகள் ஒன்றாகத் திரண்டு 1940 செப்டம்பர் 15 அன்று லண்டனை நோக்கிப் போயின. திரள்வதற்குள் நேரம் ஓடிவிடுகிறது என்று தெற்கே இருந்த தளபதிகள் குறைசொன்னார்கள். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. சுமார் அறுபது விமானங்கள் ஒரே புல்வெளியைச் சுற்றிச் சேர்வதற்கு எவ்வளவு இடமும் எவ்வளவு நேரமும் ஆகும் என்பது அந்த வெளியில் காற்றில் நின்றால் உடனே பிடிபடும். கூடத்துக்குள் நின்று, திரையில் ஓடும் குறும்படத்தைப் பார்த்தால் பிடிபடாது. நான் கேட்பது இவ்வளவுதான்.

ஹேரோ அம்மா, தங்கள் மனு நியாயமானது. என் மனைவியும் கையெழுத்திடுவாள். வல்லுநர்களைக் கேட்டால் இரண்டு வழி சொல்கிறார்கள்: ஒன்று மூடிக் காப்பது, மற்றது திறந்து விட்டு இழப்பது. மூன்றாவது வழி ஒன்று அங்கேயே இருக்கிறது. காலையில் ஹேங்கர் கதவைத் திறந்து பறக்கும் நிலையிலுள்ள விமானங்களை வெளியே தள்ளி நிறுத்துகிறார்களே, அந்த நேரத்தில் போங்கள். தொண்டர்கள் ஆளுக்கொரு இறக்கை முனையைப் பிடித்து, "கொஞ்சம் இடப்பக்கம், நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு தள்ளுவார்கள். அப்போது தரையில் எண்ணெய்த் தட்டு, துணி, வசவு எல்லாம் இருக்கும். பழைய டக்ஸ்ஃபோர்டு காலை பத்தரை வரை இன்னும் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். எழுபதுகளின் இறுதியில் அல்லது எண்பதுகளின் தொடக்கத்தில் எடுத்த படங்கள் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். என்னுடையவை வீடு மாறியபோது தொலைந்துவிட்டன. குறிப்பாகப் பயணிகள் விமான வரிசையும், கான்கார்டு வெளியே நிற்பதும்.


ஹேரோ இல்லத்தரசி:

என் கணவரிடம் ஸ்லைடுகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. இந்த இழையைப் படித்துக் காட்டினேன், சாப்பாட்டை விட்டு எழுந்து பரணில் ஏறிவிட்டார். கான்கார்டு இரண்டு படங்களில் இருக்கிறதாம். ஒன்றில் என் தம்பி முன்னால் நின்று அதன் மூக்கை மறைத்துவிட்டான். இரண்டையும் வார இறுதிக்குள் ஸ்கேன் செய்து போடுகிறேன். பி-52 வந்து இறங்கிய நாளில் எடுத்தது ஒன்றும் இருக்கிறது, ஆனால் அதில் வானம்தான் தெளிவாகத் தெரிகிறது.


கோவைப் பொறியாளர்:

அம்மா, தகர்க்கப்படாத ஹேங்கர்களின் உட்கூரை தெரியும்படி ஏதாவது படம் இருந்தால் அதையும் போடச் சொல்லுங்கள். விமானம் பாதி வெட்டுப்பட்டிருந்தாலும் பரவாயில்லை.